ஓகே: இதன் விரிவாக்கம் என்ன? உண்மையில் எங்கிருந்து வந்தது?

#1 கொடுக்காப்புளி

வணக்கம் நண்பர்களே. என் மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளியில் நடந்த வினாடி வினாவில் ‘ஓகே என்பதன் விரிவாக்கம் என்ன?’ என்று ஒரு கேள்வி. இவள் ‘ஆல் கரெக்ட்’ என்று எழுதியிருக்கிறாள். தப்பு என்று அடித்துவிட்டார்கள். சரியான விடை ‘ஜீரோ கில்டு’வாம். போர்க்களத்தில் அன்றைக்கு யாரும் சாகவில்லை என்றால் பலகையில் ஒரு சுழியம் போட்டு, பக்கத்தில் ‘கே’ என்று எழுதுவார்களாம்.

வீட்டுக்கு வந்து ஒரே அழுகை. எனக்கும் குழப்பம். ‘ஆல் கரெக்ட்’ என்றால் ஏ.சி. என்றுதானே வரவேண்டும்? ஓ.கே. எப்படி வந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாட்ஸப்பில் வந்தது வேண்டாம், அது என்னிடமே நிறைய இருக்கிறது.

#2 மிஸ்டர்_தவளை

அக்கா, வாட்ஸப்பை ஒதுக்கிவிட்டால் நான் ஊமை. இருந்தாலும் நான் கேள்விப்பட்டதை எல்லாம் கொட்டிவிடுகிறேன், நல்லதாகப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளுங்கள். ஓபதையா கெல்லி என்று ஒரு ரயில் குமாஸ்தா சரக்குச் சீட்டில் எல்லாம் தன் முதலெழுத்தைப் போட்டாராம். ஆரின் கெண்டல் என்பவர் போர் வீரர்களுக்கு பிஸ்கட் விற்றாராம், பெட்டியில் ஓ.கே. முத்திரையாம். கிரேக்கத்தில் ‘ஓலா கலா’ என்றால் எல்லாம் நலமாம். ஸ்காட்லாந்துக்காரர்கள் ‘ஓக் ஐ’ என்பார்களாம். ஜெர்மன் அச்சகத்தில் ‘திருத்தம் இல்லை’ என்பதற்கு ‘ஓனே கொரெக்டூர்’ என்று எழுதுவார்களாம். கடைசியாக எண்ணியபோது ஒரு டஜனைத் தாண்டிவிட்டது.

#3 கடலோடி

கப்பல்காரர்கள் மத்தியில் உலவும் கதை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹைட்டி தீவில் லே காய் என்று ஒரு துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து வரும் ரம் தரமானது. ‘காயிலிருந்து வந்தது’ என்பதை பிரெஞ்சில் ‘ஓ காய்’ என்பார்கள், அதுவே ‘நல்ல சரக்கு’ என்று பொருளாகி ஓகே ஆனது என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மூத்த அதிகாரி சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ரம் குடித்துக்கொண்டே சொன்னதால் நம்பிவிட்டேன்.

#4 சோழன்_பேரன்

எல்லோரும் கிரேக்கம், பிரெஞ்சு என்று சுற்றுகிறீர்கள். அகராதியை எடுத்து ‘ஓகை’ என்ற சொல்லைப் பாருங்கள். உவகை என்பதன் திரிபு. மகிழ்ச்சி என்று பொருள். ‘ஓகை’ எப்படி ‘ஓகே’ ஆகியிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமா? நம் கடலோடிகள் போகாத நாடு எது?

#5 பழையபேப்பர்

முப்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திய ஆள் நான். அந்தத் தொழில் ஒன்றை மட்டும் சொல்லிக்கொடுத்தது: கதை எவ்வளவு அழகாக இருந்தாலும் தேதியைக் கேள்.

உங்கள் மகள் எழுதியதுதான் சரி. தேதியும் இருக்கிறது. 1839 மார்ச் 23. ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ என்ற நாளிதழ். ஆசிரியர் சார்ல்ஸ் கார்டன் கிரீன். பாஸ்டனில் அப்போது ‘மணியடிப்பு எதிர்ப்புச் சங்கம்’ என்று ஒரு கூட்டம் இருந்தது. சாப்பாட்டு மணி அடிப்பது பற்றிய நகரமன்ற விதி ஒன்றைக் கேலி செய்வதற்காகக் கூடிய வேடிக்கைச் சங்கம். அதன் ஆட்கள் பிராவிடன்ஸ் நகரம் வழியாகப் போவது பற்றி அந்த ஊர்ப் பத்திரிகை ஏதோ எழுதப்போய், அதற்குப் பதிலாகக் கிரீன் நக்கலாக நாலு வரி எழுதினார். அதற்குள்தான் ‘ஓ.கே.’ என்ற எழுத்துகளும், பக்கத்திலேயே ‘ஆல் கரெக்ட்’ என்ற விளக்கமும் இருக்கின்றன. இதுவரை கிடைத்த அச்சுச் சான்றுகளில் இதுதான் முதல்.

ஏ.சி. ஏன் ஓ.கே. ஆனது என்பதுதான் இதில் ருசியான இடம். அது வேண்டுமென்றே செய்த எழுத்துப்பிழை. 1838, 39 வாக்கில் பாஸ்டன் பத்திரிகைக்காரர்களுக்கு இரண்டு கிறுக்குகள் ஒன்றாகப் பிடித்திருந்தன. ஒன்று, எதைச் சொன்னாலும் முதலெழுத்துகளாகச் சுருக்குவது. இன்னொன்று, படிக்காதவன் எழுதுவதுபோலப் பிழையாக எழுதிச் சிரிப்பது. ‘ஆல்’ என்பதைக் காதில் விழுகிறபடி ‘ஓ’வில் தொடங்கினார்கள், ‘கரெக்ட்’ என்பதைக் ‘கே’யில் தொடங்கினார்கள். ‘எல்லாம் சரியாக இருக்கிறது’ என்று சொல்லும் இரண்டு எழுத்தில் இரண்டுமே தப்பு. அதுதான் நகைச்சுவை.

இது தனிப்பிள்ளையும் அல்ல, உடன்பிறப்புகள் உண்டு. ‘ஆல் ரைட்’ என்பதை இதே மாதிரி பிழையாக எழுதி ஓ.டபிள்யூ. என்றார்கள். ‘நோ யூஸ்’ என்பதில் ‘நோ’வுக்கு ‘அறி’ என்ற பொருள் தரும் ‘நோ’வைப் போட்டு கே.ஒய். என்றார்கள். ‘நோ கோ’ கே.ஜி. ஆனது. ஊரைவிட்டு ஓடிப்போனவனுக்கு ஜி.டி., அதாவது ‘டெக்சாசுக்குப் போய்விட்டான்’. எல்லாம் செத்துவிட்டன. ஓ.கே. மட்டும் பிழைத்தது.

இதையெல்லாம் தோண்டி எடுத்தவர் ஆலன் வாக்கர் ரீட் என்ற கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர். கணினித் தேடல் இல்லாத காலம். பழைய நாளிதழ்களைக் கண்ணால் படித்துப் படித்து 1963, 64-இல் ‘அமெரிக்கன் ஸ்பீச்’ ஆய்விதழில் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார்.

இனி ‘ஜீரோ கில்டு’. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1861-இல் தொடங்கியது. உலகப் போர்கள் அதற்கும் பிறகு. பிள்ளை பிறந்து இருபது வருடம் கழித்துத் தகப்பன் பிறந்த கதையாக இருக்கிறது. பிஸ்கட்காரருக்கும் அதே பதில்தான்.

#6 மிஸ்டர்_தவளை

அடடா! ஐயா, புரிந்துகொண்டேனா என்று சோதித்துக்கொள்கிறேன். தமிழில் இதைச் செய்தால், ‘ரொம்ப நல்லது’ என்பதை ‘றொம்ப ணல்லது’ என்று பிழையாக எழுதி, ‘ற.ண.’ என்று சுருக்குவதுபோல. இரண்டும் சொல்லுக்கு முதலில் வரவே கூடாத எழுத்துகள். தமிழாசிரியர் பார்த்தால் மயக்கம் போட்டு விழுவார். இதைத்தான் உலகம் பூராவும் 185 வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறதா?

#7 கொடுக்காப்புளி

தவளை, சிரித்துச் சிரித்து டீ கொட்டிவிட்டது. மகளிடமும் காட்டினேன். ற.ண. என்றாள்.

பழையபேப்பர் ஐயா, மிக்க நன்றி. ஒன்று மட்டும் கேட்கவேண்டும். அத்தனை உடன்பிறப்புகளும் செத்துப்போக, இது மட்டும் எப்படித் தப்பித்தது? அந்த நாலு வரி நக்கலை பாஸ்டனுக்கு வெளியே யார் படித்திருப்பார்கள்?

#8 பழையபேப்பர்

நல்ல கேள்வி. பதில், தேர்தல்.

1840-இல் அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தது. பதவியில் இருந்த மார்ட்டின் வான் பியூரன் மறுபடியும் நின்றார். நியூயார்க் மாநிலத்தில் கிண்டர்ஹூக் என்ற சிற்றூர்க்காரர். வீட்டில் டச்சு பேசி வளர்ந்தவர். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒரே அமெரிக்க அதிபர் இவர்தான். ஆதரவாளர்கள் இவருக்கு ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். சுருக்கினால் ஓ.கே. அந்த வசந்தத்திலேயே நியூயார்க்கில் ‘ஓ.கே. கிளப்’ என்று ஜனநாயகக் கட்சிக்காரர்களின் மன்றம் தொடங்கிவிட்டது. மார்ச் கடைசியில் எதிர்க்கட்சியான விக் கட்சியின் கூட்டத்துக்குள் இவர்களின் அடியாட்கள் ‘ஓ.கே.’ என்று கத்திக்கொண்டு புகுந்து கலாட்டா செய்தார்கள். தேர்தல் என்றால் எங்கும் இப்படித்தான் போல.

ஏற்கெனவே ‘எல்லாம் சரி’ என்ற பொருள் இருந்தது அவர்களுக்கு வசதி. நம் ஆள் ஓ.கே., அதனால் எல்லாம் ஓ.கே. விக் கட்சிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதே எழுத்துகளுக்கு ‘காசு காலி’, ‘பயங்கரப் பேரழிவு’ என்றெல்லாம் இவர்களும் பிழையாகவே விரிவாக்கம் எழுதினார்கள். 1837-இல் தொடங்கிய பொருளாதார நெருக்கடியில் மக்கள் கொதித்துப்போயிருந்த நேரம். வான் பியூரன் தோற்றார், தேர்வாளர் குழு வாக்குகளில் 234-க்கு 60. ‘ஓ.கே. என்றால் ஊருக்குப் போகிறார், அதாவது கிண்டர்ஹூக்குக்கு’ என்று அதற்கும் ஒரு கேலி.

ஆள் தோற்றார், எழுத்து ஜெயித்தது. நாடு பூராவும் பரவிவிட்டது.

இந்தத் தேர்தலிலேயே முதல் பொய்க் கதையும் பிறந்தது. ‘நியூயார்க் ஹெரால்ட்’ ஆசிரியர் ஜேம்ஸ் கார்டன் பென்னட் ஒரு கதை விட்டார். முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்து சரியாக வராது, அவர்தான் கோப்புகளில் ‘ஆல் கரெக்ட்’ என்பதைத் தப்பாக எழுதி ஓ.கே. போட்டார் என்று. ஜாக்சன் அப்படி எழுதியதற்கு ஒரு தாளும் இல்லை. பிற்காலத்தில் டென்னசியில் 1790-ஆம் ஆண்டு நீதிமன்றப் பதிவேடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், ஜாக்சன் சம்பந்தப்பட்ட பதிவில் ஓ.கே. இருக்கிறது என்று. உற்றுப் பார்த்தால் அது ஓ.ஆர். ‘பதிவு செய்ய ஆணை’ என்பதன் சுருக்கம். கையெழுத்தில் ஆர் கொஞ்சம் கோணினால் கே மாதிரித் தெரியும். எங்கள் தொழிலில் தினமும் பார்க்கிற கோளாறு இது.

#9 பாயிண்ட்ஸ்மேன்

ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவன். தேர்தலோடு நின்றிருந்தால் இதுவும் அடுத்த தேர்தலில் மறந்துபோயிருக்கும். காப்பாற்றியது தந்தி. மோர்ஸின் வாஷிங்டன் – பால்டிமோர் தந்திக் கம்பி 1844-இல் வேலை செய்யத் தொடங்கியது. எதிர்முனையில் செய்தி முழுசாகக் கிடைத்ததா என்று உறுதிப்படுத்த அமெரிக்கத் தந்திக்காரர்களுக்கு ஒரு சின்னச் சொல் வேண்டியிருந்தது. ஓ.கே. கச்சிதமாகப் பொருந்தியது. அவர்களுடைய பழைய மோர்ஸ் முறையில் ‘ஓ’ என்பது இடைவெளி விட்டு இரண்டு புள்ளி, அவ்வளவுதான். ‘கே’ கோடு, புள்ளி, கோடு. இரண்டு விநாடி வேலை. ரயில் பாதைகளில் உத்தரவு வாங்கும் நிலைய அதிகாரிகளும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். தந்தியில் ‘நல்லது’, ‘மகிழ்ச்சி’ எல்லாம் தேவையில்லை. ‘வந்துசேர்ந்தது, பிழையில்லை’ என்பது மட்டும் போதும். இன்றைக்கும் ஓகே சொன்னால் அதில் ஒரு உணர்ச்சியும் இருப்பதில்லை, கவனித்தீர்களா? கம்பியில் வளர்ந்த பிள்ளை.

#10 சோழன்_பேரன்

என் ஓகையை யாருமே சட்டை செய்யவில்லை. கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போனது. சுருட்டு போனது. மிளகுத்தண்ணீர் போனது. காசு போய் ‘கேஷ்’ ஆனது. ஓகை மட்டும் போகாது என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?

#11 பழையபேப்பர்

தம்பி, கோபம் வேண்டாம். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் மூன்றும் போனது உண்மை, வழித்தடமும் இருக்கிறது. காசுதான் நமக்குப் பாடம். ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று இரண்டு சொற்கள் உண்டு. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ நம் காசிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகப் போனது. ஆனால் இன்றைக்குக் கடையில் ‘கேஷா, கார்டா’ என்று கேட்கிறார்களே, அந்தக் கேஷ் பிரெஞ்சிலிருந்து வந்தது. பணப்பெட்டி என்று பொருள். ஒலி ஒன்று, பொருளும் கிட்டத்தட்ட ஒன்று, வேர் மட்டும் வேறு வேறு. ஒலி ஒத்துப்போவதால் மட்டும் உறவு ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஓகையை எந்த மாலுமி எந்தத் துறைமுகத்தில் சொன்னான், எந்த ஆண்டு யார் எழுதிவைத்தார் என்று ஒரு துண்டுச்சீட்டு கொண்டுவாருங்கள். முதல் ஆளாக நானே கைதட்டுகிறேன்.

#12 சோழன்_பேரன்

துண்டுச்சீட்டுக்கு எங்கே போவேன். சரி ஐயா. கேஷ் விஷயம் தெரியாது. ற.ண.

#13 நூலகத்துப்_பூனை

இவ்வளவு நேரம் பேசாமல் படித்துக்கொண்டிருந்தேன். பழையபேப்பர் ஐயா சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் கிரேக்கம், பிஸ்கட் கதைகளோடு சேர்த்து வேறு இரண்டையும் குப்பையில் போட்டுவிடக்கூடாது.

முதலாவது, சாக்டா மொழி. அமெரிக்கத் தென்கிழக்கின் பூர்வகுடி மொழி. வாக்கியக் கடைசியில் ‘ஆம், அப்படித்தான்’ என்று அழுத்திச் சொல்ல ‘ஓக்கே’ போன்ற ஒரு சொல் அதில் உண்டு. மிஷனரிகள் தொகுத்த நூல்களில் பதிவாகியிருக்கிறது. அதிபர் உட்ரோ வில்சன் இந்தக் கதையை நம்பி, கோப்புகளில் பூர்வகுடிச் சொல்லின் எழுத்துக்கூட்டலிலேயே எழுதினார். இன்னொரு வேடிக்கை: 1918-இல் ஓகே ரெக்கார்ட்ஸ் என்று ஒரு இசைத்தட்டு நிறுவனம் வந்தது. எழுத்துக்கூட்டல் வில்சன் எழுதியதேதான். ஆனால் அது தொடங்கியவரான ஓட்டோ கே. ஈ. ஹைனமன் பெயரின் முதலெழுத்துகள்.

இரண்டாவது, மேற்கு ஆப்பிரிக்கா. செனகல் பக்கத்து வோலோஃப் மொழியில் ‘வாவ்’ என்றால் ஆம், ‘கே’ அழுத்தம் தரும் ஒட்டு. சேர்த்தால் ‘வாவ் கே’. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் வழியே இது அமெரிக்கப் பேச்சில் கலந்திருக்கலாம் என்று 1970 வாக்கில் டேவிட் டால்பி என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் வாதிட்டார். ‘ஓக்ரா’ என்று அமெரிக்கர்கள் வெண்டைக்காயைச் சொல்வது நைஜீரியாவின் இக்போ மொழியிலிருந்து வந்தது. ஆக, வழி அடைபட்டிருக்கவில்லை.

நீங்கள் ‘தேதியைக் காட்டு, அச்சைக் காட்டு’ என்கிறீர்கள். அச்சகம் யாரிடம் இருந்தது ஐயா? அந்தக் காலத்தில் தெற்கு மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்துக் கற்றுக்கொடுப்பதே குற்றம். சாக்டா மக்களை 1830-களில் சொந்த நிலத்தைவிட்டே விரட்டினார்கள். அவர்கள் வாயில் இருந்த சொல்லுக்கு அச்சுச் சான்று கேட்டால் எங்கே போவார்கள்? பாஸ்டன் ஆசிரியர் எழுதினால் அது பிறப்பு, வயலில் ஒருவன் சொன்னால் அது வெறும் சத்தமா?

#14 பழையபேப்பர்

அம்மா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஒரு நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அச்சில் இல்லாதது வழக்கில் இல்லாதது என்று நான் சொன்னால் அது தவறு. ஆனாலும் 1839 பத்திரிகையைத் திரும்பப் பார்க்கிறேன். கிரீன் அந்த எழுத்துகளுக்குப் பக்கத்திலேயே விளக்கம் போடுகிறார். அதே மாதங்களில், அதே ஊரில், அதே அச்சில் வார்த்த சுருக்கங்கள் கூட்டமாக வருகின்றன. ஓ.டபிள்யூ.வுக்கு நாம் யாரும் ஆப்பிரிக்காவில் வேர் தேடுவதில்லை. அதன் கூடப்பிறந்ததற்கு மட்டும் ஏன் தேடவேண்டும்? தெற்கில் பேச்சில் புழங்கிய ஒரு சொல் பாஸ்டன் வேடிக்கைக்காரர்கள் கையில் சிக்கியது என்றால், நடுவில் ஒரு கண்ணியாவது கிடைக்கவேண்டும். இன்றுவரை இல்லை.

1815-ஆம் ஆண்டு நாட்குறிப்பு ஒன்றில் ஓ.கே. இருக்கிறது என்று ஒருமுறை பெரிய பரபரப்பு. வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற பாஸ்டன் வணிகர், பயணத்தில் எழுதியது. கையெழுத்துப் பிரதியைப் பார்த்தால் அடித்தல் திருத்தலுக்கு நடுவே எதையோ எழுதத் தொடங்கி விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த இடத்தில் ‘எல்லாம் சரி’ என்று படித்தால் வாக்கியமே நிற்கவில்லை. முந்தைய சான்றை யாரும் தேடாமல் விட்டுவிடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

#15 நூலகத்துப்_பூனை

பிறந்த வீடு பாஸ்டன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வளர்ந்த வீடு? தெற்கில் ‘வாவ் கே’ மாதிரியோ சாக்டாச் சொல் மாதிரியோ ஏற்கெனவே காதுக்குப் பழகியவர்களிடம் இந்தப் புதுச் சொல் வந்து சேர்ந்தபோது, அது அந்நியமாகவே தோன்றியிருக்காது. வேர் இல்லாவிட்டாலும் மண் இருந்திருக்கலாம் அல்லவா?

#16 பழையபேப்பர்

இருந்திருக்கலாம். அதை மறுக்க என்னிடமும் தாள் இல்லை.

#17 வன்னியூரான்

நான் இஞ்சால பக்கம். நாங்கள் ‘ஆமாம்’ சொல்வதில்லை, ‘ஓம்’ என்றுதான் சொல்வோம். ‘ஓமோம்’ என்றால் இன்னும் உறுதி. போன கிழமை என்ர பேரனுடன் கதைக்கேக்க அவன் நான் சொன்னதுக்கெல்லாம் ‘ஓகே’ என்றான், நான் அவன் சொன்னதுக்கெல்லாம் ‘ஓம்’ என்றேன். மனிசி கேட்டுவிட்டு இரண்டு பேரும் மந்திரம் சொல்லுறியளோ என்றாள். சோழன்_பேரன் தம்பி, ‘ஓம்’தான் ‘ஓகே’ ஆனது என்று ஒரு கட்டுரை எழுதும், நான் கையெழுத்துப் போடுறன்.

#18 கட்டைவிரல்

மென்பொருள் சோதனைதான் என் வேலை. ஒரு நாளைக்கு எத்தனை ‘ஓகே’ பொத்தானை அழுத்துகிறேன் என்று கணக்கே இல்லை. அந்தப் பொத்தானுக்கும் ஒரு கதை உண்டு. 1983-இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினியை உருவாக்கிக்கொண்டிருந்தபோது, பொத்தானில் முதலில் ‘டூ இட்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். ‘செய்’ என்று பொருள். பொதுமக்களை உட்காரவைத்துச் சோதித்தபோது ஒருவர் கடுப்பாகிவிட்டார். திரையில் இரண்டு சொல்லும் ஒட்டி, ‘ஐ’ எழுத்து ‘எல்’ மாதிரித் தெரிந்து, அவர் கண்ணுக்கு ‘டோல்ட்’ என்று பட்டிருக்கிறது. டோல்ட் என்றால் மடையன். கணினி என்னை ஏன் மடையன் என்கிறது என்று கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகுதான் ‘ஓகே’ என்று மாற்றினார்கள்.

எழுத்துப்பிழையில் பிறந்த சொல், இன்னொரு படிப்புப் பிழையைச் சரிசெய்ய வந்திருக்கிறது. இணையப் பக்கம் ஒழுங்காக வந்தால் சர்வர் அனுப்பும் பதிலும் ‘200 ஓகே’தான். பாயிண்ட்ஸ்மேன் ஐயா சொன்ன தந்தி வேலையேதான், கம்பி மட்டும் மாறிவிட்டது.

#19 கடலோடி

வாயால் சொல்வது சரி, கையால் காட்டும்போது கவனம். ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டுவது அமெரிக்காவில் ஓகே. ஜப்பானில் அது பணம். பிரேசிலில் கெட்ட சைகை, துறைமுகத்தில் ஒரு புதுப் பையன் காட்டிவிட்டு அடி வாங்காமல் தப்பித்தான். 2017-இல் இணையத்தில் சிலர் விஷமத்துக்காக இதை வெள்ளை இனவாதச் சின்னம் என்று கிளப்பிவிட, நிஜ இனவாதிகள் அதை எடுத்துக்கொள்ள, 2019-இல் அமெரிக்காவின் அவதூறு எதிர்ப்புச் சங்கம் அதை வெறுப்புச் சின்னங்கள் பட்டியலில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. நம் ஊர் தட்சிணாமூர்த்தி கையிலும் சின்முத்திரை என்று கிட்டத்தட்ட அதேதான் இருக்கிறது, பாவம்.

தண்ணீருக்கடியில் முக்குளிப்பவர்களுக்கு மட்டும் இது உயிர்ச் சைகை. அங்கே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினால் ‘நல்லா இருக்கேன்’ என்று அர்த்தம் இல்லை, ‘மேலே போகலாம்’. வளையம் காட்டினால்தான் ஓகே.

#20 கொடுக்காப்புளி

இழை எங்கேயோ போய்விட்டது, ஆனால் எனக்குப் பிடித்திருக்கிறது. பாயிண்ட்ஸ்மேன் ஐயா சொன்ன ‘உணர்ச்சி இல்லாத சொல்’ என்பதில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு. ‘படம் எப்படி?’ என்று கேட்டு ‘ஓகே’ என்றால் சுமார் என்று அர்த்தம். ‘நீ ஓகேவா?’ என்றால் அக்கறை. ‘ஓகே ஓகே’ என்று இரண்டு முறை சொன்னால் போனை வை என்று அர்த்தம். படப்பிடிப்பில் ‘டேக் ஓகே’ என்றால் நிம்மதி. பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் ‘ஓகே’ சொன்னார்களா என்றால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்து.

என் மகள் செய்தியில் வெறும் ‘கே’ என்று அனுப்பினால் அவள் கோபமாக இருக்கிறாள். ஓ போய்விட்டது, ஆல் போய்விட்டது, மிச்சம் ஒரு எழுத்து. நாம் ‘சரி’யை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்கிறோமோ அதையெல்லாம் இதை வைத்தும் செய்கிறோம். எங்கள் அம்மா ‘சரிடி’ என்று இழுத்தால் விஷயம் முடியவில்லை என்று பொருள்.

#21 பாயிண்ட்ஸ்மேன்

தோற்றேன் அம்மா. என் வீட்டிலும் அந்த இழுத்த ‘சரி’ உண்டு.

#22 மிஸ்டர்_தவளை

அக்கா, பள்ளியில் போய்க் கேட்டீர்களா? மதிப்பெண் கிடைத்ததா?

#23 கொடுக்காப்புளி

போனேன். 1839, பாஸ்டன், கிரீன் எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன். ஆசிரியை பொறுமையாகப் படித்தார். ‘நன்றாக இருக்கிறது, ஆனால் வினா வங்கியில் ஜீரோ கில்டு என்றுதான் அச்சாகியிருக்கிறது’ என்றார். அச்சாகியிருக்கிறது! பழையபேப்பர் ஐயா, இதற்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். மதிப்பெண் மாறவில்லை. ஆனால் வகுப்பில் இவளைப் பேசவிட்டாராம். இப்போது எட்டாம் வகுப்பு முழுவதும் ற.ண. தானாம். வருகைப் பதிவில் ‘உள்ளேன் ஐயா’வுக்குப் பதில் ஒரு பையன் ‘ற.ண.’ என்று சொல்லி வெளியே நின்றிருக்கிறான்.

#24 பழையபேப்பர்

அச்சில் வந்ததெல்லாம் உண்மையில்லை என்று மெய்ப்புத் திருத்துபவனுக்கு நீங்கள் சொல்லவேண்டியதில்லை அம்மா, அதை வைத்துத்தான் பிழைத்தேன். பையனை உள்ளே விடச் சொல்லுங்கள். பிழையாக இருந்தாலும் இடம் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறான்.

#25 நேத்துவந்தவன்

புதிய உறுப்பினர், எல்லோருக்கும் வணக்கம். கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்கிறேன், ஓகே பற்றி நல்ல தகவல்கள். ஒரு சந்தேகம். வேறு இழைகளிலும் பார்த்தேன், எல்லோரும் ‘ற.ண.’ என்று எழுதுகிறீர்களே, அது என்ன? வடமொழியா?

#26 மலைக்காற்று

இதுகூடத் தெரியாதா நண்பரே. அது ராணுவ வழக்கு. ‘ரணம் இல்லை’, அதாவது யாருக்கும் காயம் இல்லை என்பதன் சுருக்கம். எல்லையில் வேலை பார்த்த எங்கள் சித்தப்பாவே சொல்லியிருக்கிறார்.

#27 பழையபேப்பர்

இதே இழை, ஆறாவது பதிவு. தேதி மேலேயே போட்டிருக்கிறது.

#28 மிஸ்டர்_தவளை

ற.ண.